பிரிட்ஜ் கேமராவா, டிஎஸ்எல்ஆரா: வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "83 மடங்கு ஜூம் உள்ள கேமரா ஒன்று பார்த்தேன். ஏறக்குறைய அதே தொகைக்கு டிஎஸ்எல்ஆரும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "போனில் முயன்று பார்த்து, சரியாக வராமல் போன படம் எது?" இதற்குப் பதில் தெரிந்தவர்களுக்குக் கேமராவைத் தேர்ந்தெடுப்பது சுலபம். தெரியாதவர்கள் கடைக்குப் போனால், அட்டைப்பெட்டியில் எது பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜ் கேமரா பார்வைக்கு டிஎஸ்எல்ஆர் மாதிரியே இருக்கும். ஆனால் லென்ஸைக் கழற்ற முடியாது. சட்டைப்பை கேமராவுக்கும் எஸ்எல்ஆருக்கும் நடுவில் பாலமாக நிற்பதால் அந்தப் பெயர். டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தும் நொடியில் கண்ணாடி விலகி, ஒளி சென்சாருக்குப் போகிறது. லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். மற்ற வேறுபாடுகளில் பாதி, இந்தக் 'கழற்றலாம், கழற்ற முடியாது' என்பதிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் படி: வராமல் போன படங்களைப் பட்டியலிடுங்கள்

போனைத் திறந்து, கடந்த ஓராண்டில் எடுத்தவற்றில் திருப்தி தராத பத்துப் படங்களைப் பொறுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே காரணத்தை எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று காரணங்களுக்குள் அடங்கிவிடும்: தூரம் அதிகம், வெளிச்சம் போதவில்லை, எடுத்த ஆளோ பொருளோ நகர்ந்துகொண்டே இருந்தது.

பத்தில் ஏழு 'தூரம்' என்று வந்தால் பிரிட்ஜ் கேமரா உங்களுக்குச் சரியாக இருக்கலாம். ஏழு 'வெளிச்சம்' என்று வந்தால் ஜூம் எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிடுங்கள். மூன்றும் கலந்து வந்தால் கீழே உள்ள கணக்கு தேவைப்படும். தாளில் எழுதுவதைத் தவிர்க்காதீர்கள். மனதுக்குள் நினைத்துக்கொள்ளும்போது எல்லாருக்கும் பறவையும் நிலாவும்தான் நினைவுக்கு வருகின்றன; பட்டியலில் வந்து நிற்பதோ, மாலை நேரத்து வீட்டுக்குள் ஓடும் குழந்தை.

இரண்டாம் படி: சென்சார் அளவைப் பாருங்கள்

ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் சில்லுதான் சென்சார். பெரிய ஜூம் கொண்ட பிரிட்ஜ் கேமராக்களின் விவரப் பட்டியலில் 1/2.3 அங்குலம் என்று இருக்கும். உண்மையில் அது ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, பரப்பு 28 சதுர மி.மீ. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் இருப்பது ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு. கேனானில் 22.3 x 14.9 மி.மீ., நிக்கானில் 23.5 x 15.6 மி.மீ. பரப்பில் 12, 13 மடங்கு பெரியது. இரண்டுக்கும் நடுவே, 1 அங்குலச் சென்சார் உள்ள பிரிட்ஜ் கேமராக்கள் உண்டு: 13.2 x 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ.

இந்த 'அங்குலம்' ஸ்கேலால் அளக்கும் அங்குலம் இல்லை. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துப் பேசிய வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. 1 அங்குலச் சென்சாரின் மூலைவிட்டம்கூட 16 மி.மீ.தான்.

பிரிட்ஜ் கேமராவில் ஏன் சிறிய சென்சாரை வைக்கிறார்கள்? மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இல்லை. நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 மாடலில் ஜூம் 125 மடங்கு. முழு ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) கணக்கில் 24 முதல் 3000 மி.மீ. வரை. சென்சார் சிறியது என்பதால் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் (இந்த எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்) 539 மி.மீ. மட்டுமே. அதே கோணத்தை ஏபிஎஸ்-சி சென்சாரில் பிடிக்க 2000 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதே எஃப் 8 அப்பர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளையைக் குறிக்கும் எண்) செய்தால் அதன் முன்கண்ணாடி குறைந்தது 250 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். அது கையில் பிடிக்கிற பொருளே இல்லை, தொலைநோக்கி. சென்சாரைச் சிறிதாக்கியதால்தான் அந்த ஜூமே சாத்தியமானது. ஆகவே 'பெரிய சென்சார், பெரிய ஜூம், சின்ன உடல்' மூன்றும் ஒரே கேமராவில் வேண்டும் என்று தேடி நாளைக் கழிக்காதீர்கள்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இன்றைய நல்ல போன்கள் பலவற்றின் முதன்மைக் கேமராச் சென்சார் 1/2.3 அங்குலத்தைவிடப் பெரியது. அதோடு போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து இரைச்சலை, அதாவது படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளை, குறைத்துவிடுகிறது. ஜூம் தேவைப்படாத, மங்கிய வெளிச்சத்துப் படங்களுக்காகச் சிறிய சென்சார் பிரிட்ஜ் கேமரா வாங்கினால், உங்கள் பழைய போனே அதை முந்திவிடக்கூடும். வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு மனம் உடைந்தவர்களைப் பார்த்திருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: வகுத்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் முகப்பில் இரண்டு வகை எண்கள் அச்சாகியிருக்கும்: குவியத் தூரம் மி.மீட்டரிலும், அப்பர்ச்சர் '1:' என்று தொடங்கியும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். வருவது, ஒளி நுழையும் துளையின் விட்டம். ஒரே காட்சியை, ஒரே ஷட்டர் வேகத்தில் (சென்சாரில் ஒளி விழும் நேரம்), இரண்டு கேமராக்களில் எடுத்தால், துளை பெரிதாக இருக்கும் கேமராதான் மொத்தத்தில் அதிக ஒளியைச் சேர்க்கும். பின்னணி மங்கலாவதும் இதே துளையைப் பொறுத்ததுதான். 'எஃப் 2.8, எஃப் 3.5ஐவிட நல்லது' என்று வெவ்வேறு சென்சார் உள்ள கேமராக்களை ஒப்பிடுவது தவறு. துளையை ஒப்பிடுவதே சரி. ஒன்று மட்டும் கவனியுங்கள்: உண்மையான குவியத் தூரத்தை வைத்து வகுக்க வேண்டும். 'முழு ஃபிரேமுக்குச் சமமான' எண்ணை வைத்து வகுத்தால் விடை தப்பாகிவிடும்.

முதலில் அகலக் கோணம், அதாவது ஜூம் செய்யாத நிலை. டிஎஸ்எல்ஆரோடு வரும் சாதாரண 18-55 கிட் லென்ஸில் 18ஐ 3.5ஆல் வகுத்தால் 5.1 மி.மீ. பி1000இல் 4.3ஐ 2.8ஆல் வகுத்தால் 1.5 மி.மீ. கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்70இல் 3.8ஐ 3.4ஆல் வகுத்தால் 1.1 மி.மீ. ஒளி துளையின் பரப்பைப் பொறுத்தது என்பதால் இந்த விகிதத்தை வர்க்கமாக்க வேண்டும். வீட்டுக்குள் எடுக்கும்போது, எல்லாரும் 'மட்டம்' என்று ஒதுக்கும் அந்தக் கிட் லென்ஸே பி1000ஐவிட ஏறத்தாழ 11 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது.

இப்போது தொலைக் கோணம். டிஎஸ்எல்ஆருக்கான மலிவான டெலி லென்ஸ் என்றால் கேனானின் 55-250. இதில் 250ஐ 5.6ஆல் வகுத்தால் 45 மி.மீ. பி1000இல் 539ஐ 8ஆல் வகுத்தால் 67 மி.மீ. எஸ்எக்ஸ்70இல் 247ஐ 6.5ஆல் வகுத்தால் 38 மி.மீ. நிலைமை தலைகீழாகிவிட்டது. ஜூமின் கடைசி முனையில் பி1000இன் துளை டிஎஸ்எல்ஆரின் டெலி லென்ஸையே மிஞ்சுகிறது. எஸ்எக்ஸ்70உம் வெகுதூரம் பின்தங்கவில்லை. பெரிய ஜூம் பிரிட்ஜ் கேமரா பக்கத்துக் காட்சிக்குப் பலவீனமானது, தூரத்துக் காட்சிக்குப் பலமானது. 'பிரிட்ஜ் கேமரா தரமில்லாதது' என்று மொத்தமாக ஒதுக்கிவிடுபவர்களும், 'அதில் எல்லாமே முடியும்' என்று விற்பவர்களும் ஆளுக்கு ஒரு முனையை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள்.

1 அங்குல வகைக்கும் இதைச் செய்து பாருங்கள். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4இன் லென்ஸ் 8.8-220 மி.மீ., எஃப் 2.4-4. அகலத்தில் 3.7 மி.மீ., தொலைவில் 55 மி.மீ. பானசோனிக் எஃப்இசட்1000இல் 146ஐ 4ஆல் வகுத்தால் 36.5 மி.மீ.; முழு ஃபிரேம் கணக்கில் இது 400 மி.மீ. அதே கோணத்தில் கேனான் 55-250 தரும் 45 மி.மீட்டருக்கும் இதற்கும் ஒளியில் அரை ஸ்டாப்தான் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). ஆக, 1 அங்குல பிரிட்ஜ் கேமராவை 'கிட் லென்ஸ்கள் மட்டும் உள்ள டிஎஸ்எல்ஆரோடு' ஒப்பிட்டால் தொலைக் கோணத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். இது பலருக்கும் தெரியாது.

ஆனால் டிஎஸ்எல்ஆரில் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28 மி.மீ. அதே டிஎஸ்எல்ஆரின் கிட் லென்ஸ் 55 மி.மீ., எஃப் 5.6இல் தருவது 10 மி.மீட்டர்கூட இல்லை. ஒளியில் எட்டு மடங்கு. அந்தக் கோணத்தில் எந்த பிரிட்ஜ் கேமராவாலும் இதை நெருங்க முடியாது.

நான்காம் படி: ஜூம் மடங்கை எண்ணாமல், படத்தில் எவ்வளவு நிரம்பும் என்று பாருங்கள்

'60 மடங்கு' என்பது லென்ஸின் மிகப் பெரிய குவியத் தூரத்தை மிகச் சிறியதால் வகுத்தது, அவ்வளவே. எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்வது முழு ஃபிரேம் கணக்கிலான பெரிய எண்.

நிலாவை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். பி1000ஐ முழுவதும் ஜூம் செய்தால் முழு நிலா படத்தின் உயரத்தைத் தாண்டி வெளியே போய்விடும். 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆரில் 250 மி.மீ. லென்ஸால் எடுத்தால் நிலாவின் விட்டம் சுமார் 600 பிக்சல். போன் திரையில் காட்டப் போதும், பெரிதாக அச்சிடப் போதாது. டிஎஸ்எல்ஆர் படத்தை வெட்டிப் பெரிதாக்கலாமே என்று கேட்கலாம். 250 மி.மீ. படத்தை எஸ்எக்ஸ்70இன் 1365 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 2. பி1000இன் 3000 மி.மீ. வரை வெட்டினால் அரை மெகாபிக்சல்கூட மிஞ்சாது. நிலா வெயில் பட்ட பாறை, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் சின்னச் சென்சாரும் அங்கே நன்றாக வேலை செய்யும். ஏரிக்கு நடுவே வெயிலில் நிற்கும் பறவைக்கும் இதே கதைதான்.

எட்டுவது ஒன்று, தெளிவாக வருவது இன்னொன்று. நண்பகலில் தரையிலிருந்து எழும் சூடான காற்று நெளிந்து, தூரத்துக் காட்சியைக் கலக்கிவிடும். எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. 1000 மி.மீட்டருக்கு மேல் அதிகாலைதான் நல்ல நேரம். கை நடுக்கமும் ஜூமோடு சேர்ந்தே பெருகும். நடுக்கம் தவிர்க்கும் வசதி இல்லாதபோது ஷட்டர் வேகம் முழு ஃபிரேம் கணக்கிலான குவியத் தூரத்தின் தலைகீழாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி: 1200 மி.மீட்டருக்கு 1/1200 நொடி. அந்த வசதி உள்ள கேமராவில் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் பறவை அசைந்தால் அந்த வசதியால் பயனில்லை.

ஐந்தாம் படி: இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். டிஎஸ்எல்ஆர் என்பது முழுமையான பொருள் இல்லை, ஒரு தொடக்கம். கிட் லென்ஸை மாட்டி, அதைக் கடைசிவரை கழற்றாமலே வைத்திருக்கும் டிஎஸ்எல்ஆர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்கள் 1 அங்குல பிரிட்ஜ் கேமரா வாங்கியிருந்தால் இன்னும் அதிகப் படங்கள் எடுத்திருப்பார்கள்.

வாங்கும் தொகையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: உடல், முதல் லென்ஸ், ஓராண்டுக்குள் வாங்கப்போகும் இரண்டாவது லென்ஸ். மூன்றுக்கும் சேர்த்துத் தொகை ஒதுக்க முடிந்தால் டிஎஸ்எல்ஆர். முகப் படமும் வீட்டுக்குள் எடுக்கும் படமும் முக்கியம் என்றால் அந்த இரண்டாவது லென்ஸ் 50 எஃப் 1.8 அல்லது நிக்கானில் 35 எஃப் 1.8. பறவை முக்கியம் என்றால் 55-250, 70-300 போன்றவை. அவை போதவில்லை என்று அதற்கும் மேல் போனால் செலவு தாவி ஏறும். அங்கேதான் பிரிட்ஜ் கேமராவின் மதிப்பு தெரியும்.

எடையையும் கூட்டிப் பாருங்கள். பிரிட்ஜ் கேமரா என்றாலே லேசானது என்று நினைக்க வேண்டாம். பி1000 சுமார் 1.4 கிலோ. கேனான் 1500டி டிஎஸ்எல்ஆர் உடலும் இரண்டு லென்ஸ்களும் சேர்ந்து ஏறத்தாழ 1050 கிராம். ஆர்எக்ஸ்10 மார்க் 4 மட்டுமே 1095 கிராம். வேறுபாடு எடையில் இல்லை, கையாள்வதில்தான். பிரிட்ஜில் அகலத்திலிருந்து தொலைவுக்கு ஓரிரு நொடியில் போய்விடலாம். டிஎஸ்எல்ஆரில் பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, லென்ஸை மாற்றி முடிக்கும்போது பறவை பறந்திருக்கும்.

ஆறாம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

கடையிலோ நண்பரிடமோ இரண்டையும் பத்து நிமிடமாவது பிடித்துப் பாருங்கள். வியூஃபைண்டரில், அதாவது காட்சியைப் பார்க்கும் துளையில், கண்ணை வையுங்கள். டிஎஸ்எல்ஆரில் தெரிவது நேரடிக் காட்சி, தாமதமே கிடையாது. ஆனால் தொடக்கநிலை மாடல்களில் படத்தின் 95 விழுக்காடுதான் தெரியும், ஓரத்தில் எதிர்பாராத பொருள் நுழைந்துவிடலாம். பிரிட்ஜில் தெரிவது சின்னத் திரை. படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை எடுக்கும் முன்பே காட்டிவிடுவதால் புதியவர்களுக்கு இது பெரிய உதவி.

அடுத்து, நடந்துபோகும் ஒருவரைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யுங்கள். வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது டிஎஸ்எல்ஆர், ஃபோகஸ் எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் கணித்துவிடும். பிரிட்ஜ் கேமராக்கள் பலவும் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கின்றன. ஆர்எக்ஸ்10 மார்க் 4 போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. பட்டியலில் 'நகர்ந்துகொண்டே இருந்தது' என்று அதிகம் எழுதியவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்துவிட்டு, அடுத்த படத்துக்குக் கேமரா எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது என்றும் பாருங்கள்.

ஏழாம் படி: சின்ன எழுத்தில் இருப்பவை

பேட்டரி: நிக்கான் டி3500 டிஎஸ்எல்ஆர் ஒரு சார்ஜில் 1550 படம் என்கிறது அதன் விவரப் பட்டியல், பி1000 சுமார் 250. திரை எப்போதும் எரிவதால் வரும் வித்தியாசம். பிரிட்ஜ் வாங்கினால் கூடுதல் பேட்டரியையும் அன்றே வாங்குங்கள்.

ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப்படம்): சில பிரிட்ஜ் மாடல்களில் கிடையாது. நிக்கான் பி900இல் இல்லை, பின்னர் வந்த பி950இல் உண்டு. படத்தைப் பிறகு திருத்தும் எண்ணம் இருந்தால் இது கட்டாயம்.

ஃபிளாஷ் மாட்டும் இடம் எஸ்எக்ஸ்70இல் இல்லை. வீடியோவுக்கு வெளி மைக் வேண்டுமா? டி3500இலும் 1500டியிலும் அதற்கான துளை இல்லை; கேனான் 200டி மார்க் 2இல் உண்டு. டி3500இன் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

தூசி: லென்ஸ் மாற்றும்போது டிஎஸ்எல்ஆர் சென்சாரில் தூசி விழும், துடைத்துவிடலாம். பிரிட்ஜில் அரிதாகத்தான் போகும், ஆனால் போய்விட்டால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

எட்டாம் படி: புதிதா, பயன்படுத்தியதா

டிஎஸ்எல்ஆர் தயாரிப்பு சுருங்கி வருகிறது. டி3500 தயாரிப்பை நிக்கான் நிறுத்திவிட்டது. கேனான், நிக்கான் இரண்டின் புதிய லென்ஸ்களும் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களுக்கே வருகின்றன; இவற்றில் டிஎஸ்எல்ஆரின் சாய்ந்த கண்ணாடி இருக்காது, லென்ஸைக் கழற்றலாம். இதனால் டிஎஸ்எல்ஆர் வாங்குவது வீண் என்று நான் நினைக்கவில்லை. கேனானின் இஎஃப் லென்ஸ் வரிசை 1987இலும், நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் அமைப்பு) 1959இலும் தொடங்கியவை; பயன்படுத்திய லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. பின்னாளில் கண்ணாடியில்லா கேமராவுக்கு மாறினாலும் கேனானின் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் நன்றாக இயங்கும். நிக்கானில், லென்ஸுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களும் பெரும்பாலும் அப்படியே. முழுத்தொகை கொடுத்துப் புதிதாக வாங்குவதானால் மட்டும், தொடக்கநிலை கண்ணாடியில்லா கேமராவையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பயன்படுத்தியதை வாங்கும்போது: டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸைப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை, வாங்க வேண்டாம். எஃப் 16இல் வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சார் தூசி புள்ளிகளாகத் தெரியும். பிரிட்ஜில் ஜூமை முழுக்க நீட்டி மடக்கிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ குழல் ஆடினாலோ விலகுங்கள். கழற்ற முடியாத லென்ஸ் கெட்டால் கேமராவே போயிற்று.

வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். உங்கள் பட்டியலை மறுபடி எடுத்து, அந்தப் பத்துப் படங்களில் எடுக்கக்கூடியவற்றை அதே இடத்தில், அதே நேரத்தில் எடுங்கள். செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று படமெடுத்து நான்கு மூலைகளும் ஒரே அளவு தெளிவாக உள்ளனவா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் சரியாகப் பொருந்தவில்லை, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி, எழுத்துகள் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகும்படி வையுங்கள். இதைச் செய்யாமல் 'கேமரா ஃபோகஸ் ஆகவில்லை' என்று வருந்துபவர்கள் பலர். பிறகு தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு (ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்; கூட்டினால் இரைச்சலும் கூடும்) உச்ச வரம்பு வையுங்கள். 1/2.3 அங்குலச் சென்சாருக்கு நான் வைப்பது 800, 1 அங்குலத்துக்கு 3200, ஏபிஎஸ்-சிக்கு 6400. அந்த வரம்பில் எடுத்த படத்தைப் பெரிய திரையில் பார்த்து, இரைச்சல் உறுத்தினால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.